பச்சையாகப் பறித்த மிளகாய்

யாராவது தங்கள் ஊர் மிளகாயைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நிறத்தில் அதற்கு ஈடில்லை, காரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். எத்தனை பாத்தியில் போட்டுப் பார்த்தாய், எத்தனை வருஷம் எடை போட்டாய் என்று கேட்க வாய் துடிக்கும். ஆனால் கேட்பதில்லை. இரண்டாவது வருஷத்து எடையை நானே பார்க்காதவள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தில்லியின் மேற்குப் பக்கம் இருந்த ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் பிஎச்.டி. மாணவி. பன்னிரண்டு ரக மிளகாயை ஒரே நிலத்தில் பயிரிட்டு, எது அதிகம் காய்க்கிறது, எதன் பழம் தரமானது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி. சரோஜினி நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் எதிர்வீட்டு மாமி, மிளகாயை எண்ணுவதற்கா இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டாள். ஆமாம் மாமி, எண்ணத்தான் என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வேலை நிஜமாகவே எண்ணுவதுதான்.

ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று பாத்தி. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு மூலையில் மண் வளமாக இருந்து அங்கே நட்ட ரகம் கொழித்துவிட்டால், மண்ணின் பெருமையை ரகத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் நிலம் முழுக்கக் கலைத்துப் போட்டு நடுவார்கள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பது குச்சியில் எழுதிய எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து செடியைத் தேர்ந்து அடையாளம் கட்டி, அவற்றின் காய்களை மட்டும் தனியே எடுத்து அளக்க வேண்டும். அடையாளத்துக்கு அம்மா பின்னி மிஞ்சிய ஸ்வெட்டர் நூலைக் கட்டினேன். தஞ்சாவூர்க்காரியான அம்மா தில்லிக்கு வந்து கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்: பஸ்ஸில் சண்டை போடுவது, ஸ்வெட்டர் பின்னுவது. அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டர், என் நீல ஸ்வெட்டர், யாருக்கோ பின்னிக் கொடுத்த மஞ்சள் குழந்தைத் தொப்பி எல்லாம் அந்த நிலத்தில் மிளகாய்ச் செடிகளின் இடுப்பில் இருந்தன.

என் ஆராய்ச்சி பச்சை மிளகாயைப் பற்றியதல்ல, வற்றலைப் பற்றியது. ஆகவே காய் செடியிலேயே பழுக்க வேண்டும். நன்றாகச் சிவந்த பிறகு பறித்து, எண்ணி, எடை போட்டு, நீளமும் பருமனும் அளந்து, காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். பழம் எவ்வளவு வற்றலாகிறது, நிறம் நிற்கிறதா, தோல் தடிமனா, விதை அதிகமா, காரம் எப்படி என்று பார்க்க வேண்டும். பச்சையாகப் பறித்த காய்க்கு என் பட்டியலில் இடமே கிடையாது.

முதல் வருஷம் நன்றாகவே போயிற்று. கிடைத்த விடைதான் மனசுக்குப் பிடிக்கவில்லை. கிளை வளையக் காய்த்த ரகங்களெல்லாம் காய்ந்ததும் சருகாகிவிட்டன. தோல் காகிதம், நிறம் வெளிறிய செங்கல். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குண்டு மிளகாய் கிணுகிணுவென்று விதை குலுங்க அற்புதமான வற்றலாயிற்று, ஆனால் செடிக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. தில்லி மண்ணும் பனியும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாம் எண் ரகம் மட்டும் காய்ப்பிலும் மோசமில்லை, பழத்திலும் மோசமில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் தெரிவது ரகத்தின் குணமா, அந்த வருஷத்து மழையின் குணமா என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு வருஷக் கணக்கு இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. இது விதி, நியாயமான விதியும்கூட. இன்றைக்கும் அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்பாவுக்கு ஏழாம் எண்ணின் மேல் ஒரு பாசம். அவர் ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பது வருஷத்தில் ஒரு படி மட்டும் ஏறி, அதே மாடியில் அதே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வற்றல்களில் ரகத்துக்கு ஒன்றாக அம்மாவை எண்ணெயில் வறுக்கச் சொல்லி, மோர் சாதத்தோடு வரிசையாகக் கடித்துப் பார்ப்பார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், ஆனாலும் விடமாட்டார். இது வெறும் நிறம், இது வெறும் காரம், இது ஆள் நன்றாக இருக்கிறான் ஆனால் பேச்சு இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் குறிப்பு எழுதுகிற மாதிரி ஒரு வரி சொல்வார். ஏழுக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று கேட்பார். ஆபீஸில் ஏதாவது மனக்கசப்போடு வந்த நாட்களில், என் தலையில் கை வைத்துச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"நீ அந்தக் கட்டடத்துப் பக்கம் வரப்படாது. படிப்பை முடிச்சுடு, அது போறும்."

இரண்டாவது வருஷம் ஜூலையில் நாற்று நட்டோம். மழை அளவாகப் பெய்தது. இலைச் சுருட்டை நோய் வந்து சில செடிகளைப் பிடுங்கிப் போட வேண்டியிருந்தது, ஆனால் பாத்திகள் தப்பின. நவம்பர் தொடக்கத்தில் செடி முழுக்கக் காய். ஒன்றிரண்டு காம்புப் பக்கம் கருத்து, மெல்லச் சிவக்க ஆரம்பித்திருந்தது. டிசம்பர் கடைசியில் பனி கொட்டினால் செடி கருகிவிடும். அதற்குள் எல்லாம் பழுத்துவிடும், நேரம் இருக்கிறது என்று தெம்பாக இருந்தேன்.

அந்த வருஷம் பண்ணையில் கூலிக்குப் புதிய பெண்கள் வந்திருந்தார்கள். யமுனைக் கரையில் குத்தகைக்குக் காய்கறி போட்டு மண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள். வெள்ளத்தில் எல்லாம் போய் இங்கே வந்தவர்கள். அவர்களுக்கு மிளகாய் என்றால் பச்சை மிளகாய். வாரம் தவறாமல் பறிக்க வேண்டும். பறிக்கப் பறிக்கத்தான் செடி காய்க்கும், விட்டுவைத்தால் பழுத்துச் செடி களைத்துப்போகும். அவர்களில் மூத்தவள் என் பாத்திகளைத் தாண்டும்போதெல்லாம் உச்சுக் கொட்டுவாள். "பிட்டியா, லால் ஹோ ரஹா ஹை," மகளே, சிவக்கிறதே என்று காயைக் காட்டுவாள். சிவக்கத்தான் விட்டிருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். படிக்கிற பெண்ணுக்குப் பறிக்க நேரமில்லை, வெட்கப்பட்டுச் சமாளிக்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நவம்பர் நடுவில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அங்கேயே கிடந்தோம். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பண்ணைக்குப் போன் செய்து, கள உதவியாளரிடம் அப்பாவுக்கு முடியவில்லை, சில நாள் வர மாட்டேன், பாத்திகளுக்கு ஒரு தண்ணீர் மட்டும் விடச் சொல்லுங்கள் என்றேன். பறிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பின்னால் இதை என்னிடம் பலரும் கேட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து வீட்டாரிடம் தீ வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டா போகிறோம்?

அப்பாவுக்கு உப்பில்லாத கிச்சடியைத் தந்தார்கள். அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வார்த்தைதான். அதில் ஒன்று எனக்கானது.

"சிவந்துடுத்தா?"

ஆகிண்டிருக்குப்பா என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். தன் நெஞ்சைப் பற்றி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மிளகாயைத்தான் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அம்மாவை உட்கார வைத்துவிட்டு ஒரு காலைப் பொழுதுக்குப் பண்ணைக்கு ஓடினேன். ப்ளூலைன் பஸ் பண்ணை வாசலில் தள்ளிவிட்டது. மூடுபனி இன்னும் விலகவில்லை. பாத்திகளை நோக்கி நடக்கும்போதே நிறம் தப்பாகத் தெரிந்தது. அங்கங்கே சிவப்பு இருக்க வேண்டிய நிலம் ஒரே பச்சையாக இருந்தது. கிட்டப் போனால் இலைதான் இருந்தது. காய் இல்லை. ஒரு செடியில், ஒரு கிளையில்கூட இல்லை. பழுப்பு நூலும் நீல நூலும் மஞ்சள் நூலும் கட்டிய இடத்திலேயே இருந்தன.

பம்ப் ரூம் பக்கமிருந்து அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்கள். மூத்தவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு, கவலைப்படாதே என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார்களாம். இந்தப் பிள்ளையின் விளைச்சல் செடியிலேயே வீணாகிறது, பனி வேறு விழப்போகிறது என்று பேசிக்கொண்டு, கூலி நேரம் முடிந்த பிறகு இரண்டு சாயங்காலம் நின்று எல்லாப் பாத்தியையும் பறித்து முடித்தார்களாம். பண்ணை விதிப்படி விற்பனைக் கவுண்டருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, எனக்கென்று இரண்டு கோணியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுக்கொள்ளலாம், இல்லையென்றால் அம்மா ஊறுகாய் போடுவாள் என்றாள். தங்களுக்கென்று ஒரு மிளகாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் விரல்கள் காரத்தில் வீங்கிச் சிவந்திருந்தன.

கோணியைப் பிரித்தேன். பன்னிரண்டு ரகமும், முப்பத்தாறு பாத்தியும், நூல் கட்டியதும் கட்டாததும், எல்லாம் ஒன்றாகக் கலந்து பச்சையாகக் கிடந்தன. குளிர் தொடங்கிவிட்ட தில்லியில் அந்தச் செடிகள் இனி பூத்துக் காய்த்துப் பழுக்கப் போவதில்லை. இதை அந்தப் பெண்களுக்கு எந்த மொழியில் விளங்கவைப்பது? ஏதோ ஒரு தலையாட்டல் ஆட்டினேன். அவர்கள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல மனசோடு செய்தார்கள், மன்னித்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் நல்ல மனசோடு செய்தார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் மன்னிக்கவில்லை. திருடிக்கொண்டு போயிருந்தால் நின்று கத்தியிருப்பேன், போலீஸுக்குப் போயிருப்பேன், கோபம் வடிந்திருக்கும். உதவி செய்தவர்களிடம் அதற்கும் வழியில்லை. அந்தக் கோபம் போக இடமில்லாமல் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

ஆராய்ச்சி கைடின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் அல்ல. தலையைப் பிடித்துக்கொண்டு, ஏன் எழுத்தில் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று கேட்டார். பிறகு, அடுத்த ஜூலையில் மறுபடி நடலாம், நிலம் தருகிறேன், ஆனால் உன் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது, அதை நீட்டிக்க என்னால் ஆகாது என்றார். அப்பா சம்பளத்தில் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். முடிந்துபோய்விடவில்லை, ஒரு வருஷம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோணிகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி அடைத்திருந்த பின்பக்க வராந்தாவில் போட்டேன். அப்பா தூங்கும் நேரத்தில் குளித்து உடை மாற்ற வந்திருந்த அம்மா அவற்றைப் பார்த்தாள். ஒரு கோணியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி கட்டினாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை.

அப்பா விழித்திருந்தார். நான் பண்ணைக்குப் போனது அவருக்குத் தெரியும். போர்வைக்கு மேல் அவர் விரல் அசைந்தது, கிட்டப் போனேன்.

"சிவந்துடுத்தா?"

"சிவந்துடுத்துப்பா. எல்லாம் சிவந்துடுத்து."

"ஏழு?"

"ஏழுதான் ஜாஸ்தி."

அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அப்பாவின் முகத்தில் வந்த அந்தத் திருப்தியை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னதற்கு வருத்தம் இல்லை, இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இரண்டாவது அடைப்பு மறுநாள் விடிந்ததும் வந்தது. டாக்டர் வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மெட்ராஸிலிருந்து சித்தப்பா வந்து காரியம் செய்தார். எங்கள் வீட்டு வழக்கத்தில் சாவு வீட்டுச் சமையலில் மிளகாய் சேராது. பச்சையும் ஆகாது, வற்றலும் ஆகாது. காரத்துக்கு மிளகுதான். மிளகு ரசம், மிளகுப் பொடி தூவிய வாழைக்காய், பயத்தம்பருப்புக் கூட்டு. பின் வராந்தாவில் இரண்டு கோணி மிளகாயை வைத்துக்கொண்டு நாங்கள் பதின்மூன்று நாள் மிளகு தின்றோம். வந்தவர்கள் வராந்தாவுக்குக் கை கழுவப் போய், இதென்ன இத்தனை மிளகாய், யாராவது கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பத்தாம் நாளுக்கு முன்னால் அப்பாவின் ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெரியவர், அப்பாவோடு ஒரே வருஷம் சேர்ந்தவர், அம்மாவுக்கு நிலைமையை நிதானமாக விளக்கினார். பணியில் இருக்கும்போது போனதால் வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் குமாஸ்தா வேலை கிடைக்கும். உடனே எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும். வேலை வந்தால் குவார்ட்டர்ஸையும் பெண்ணின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு வருஷத்தில் காலி செய்ய வேண்டியிருக்கும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அன்போடுதான் சொன்னார். அப்பாவின் மேஜையே காலியாக இருக்கிறது, நல்ல வெளிச்சம், ஜன்னலோரம் என்றார்.

 நான் செய்ய மாட்டேன் என்றால் அம்மா சரி என்று சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். தில்லியில் வாடகை வீடு எப்படி, அப்பாவின் குடும்ப பென்ஷனில் இரண்டு பேர் எப்படி, சம்பளமில்லாத ஒரு வருஷம் மிளகாய் எப்படி என்று அவளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் எங்கள் கையில் இருந்தது கொஞ்சம்தான். பெரியவர் பேனாவைத் திறந்து நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டடத்துப் பக்கம் வரக் கூடாது என்று சொன்னவருடைய படத்துக்கு எதிரில், அவர் இறந்த காரணத்தாலேயே, அந்த மேஜையை எனக்கு எழுதி வாங்கிக்கொண்டேன்.

கைடுக்கு ஒரு போன் செய்தேன். யோசித்துப் பார் என்றார். யோசித்துவிட்டேன் சார் என்றேன். முதல் வருஷக் கணக்கை அடுத்து வரும் மாணவனுக்குத் தரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக என்றேன். அப்படியே தந்தும்விட்டார். அந்தப் பையன் நன்றாக முடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏழாம் எண் இரண்டாவது வருஷம் என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து, உறவுக்காரர்கள் ரயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். வீடு ஓய்ந்தது. இனி மிளகாய் சேர்க்கலாம். சமையலுக்கு இரண்டு எடுக்கலாம் என்று அம்மா பின் வராந்தாவுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. என்னவென்று போய்ப் பார்த்தேன். கோணியின் கட்டை அவிழ்த்து, தரையில் கொட்டி, அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி வழியே வந்த வெயிலிலும் கோணியின் புழுக்கத்திலும், முற்றிய காய்கள் பறித்த பிறகும் பழுத்திருந்தன. கொஞ்சம் அழுகியிருந்தது, கொஞ்சம் சுருங்கியிருந்தது. மிச்சமெல்லாம் சிவப்பு.

"சிவந்துடுத்துடி," என்றாள் அம்மா.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கை தானாகப் பிரிக்க ஆரம்பித்தது. குண்டைப் பார்த்தாலே தெரியும். நீளமாக, நுனி வளைந்தது மூன்றாம் எண். காம்புக்குக் கீழே ஒடுங்கியது பத்து. தோல் மினுங்கி, தோள் அகன்றது ஏழு. ரகங்களை என்னால் கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல முடியும். எந்தப் பாத்தி, எந்தச் செடி என்பதுதான் போய்விட்டது. அது போன பிறகு இது வெறும் மிளகாய். என் மடிக்கு எதிரில் சின்னச் சின்னக் குவியலாகப் பன்னிரண்டு சேர்ந்திருந்தது.

அம்மா பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள். மொட்டைமாடியில் வெயில் இருக்கும்போதே காயவைக்க வேண்டும் என்றாள். என் குவியல்களைப் பார்த்துத் தயங்கி நின்றாள். இதைத் தனித்தனியாகத்தான் காயவைக்க வேண்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

வேண்டாம்மா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டு என்றேன்.